மற்ற இரண்டு மூலங்கள் எங்கே?

2024 ஜூன் 9, ஞாயிறு: வாசகி ஒருவரின் கேள்வி

என் மகள் 12ஆம் வகுப்புப் படிக்கிறாள். ய³ − 7ய² + 16ய − 10 = 0 என்ற சமன்பாட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறாள். (எக்ஸ் என்பதற்குப் பதிலாக ய என்று எழுதியிருக்கிறேன்.) 1 ஒரு மூலம் என்று கண்டுபிடித்துவிட்டாள். முப்படிச் சமன்பாட்டுக்கு மூன்று மூலங்கள் என்று பாடம் சொல்கிறது. வரைபடத் தாளில் வரைந்தால் வளைவரை கிடை அச்சை ஒரே இடத்தில்தான் வெட்டுகிறது. மற்ற இரண்டும் எங்கே என்று வகுப்பில் கேட்டிருக்கிறாள். "அவை கற்பனை மூலங்கள், வரைபடத்தில் தெரியாது, விட்டுவிடு" என்று பதில் வந்திருக்கிறது. அது சரிதானா?

ஜூன் 9, இரவு 10.40

சரியில்லை. "தெரியாது" என்பது தவறு. "விட்டுவிடு" என்பது அதைவிடப் பெரிய தவறு. 26 ஆண்டுகளாக வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளை ஆண்டுக்கு ஒன்று வந்தால் அதிகம். மற்றவர்கள் சூத்திரத்தில் எண்களைப் போட்டு, விடையை எழுதிவிட்டு, அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். உங்கள் மகள் இரண்டு நாள் உட்கார்ந்தது வீண் இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூலம் என்றால் கோவையைப் பூச்சியமாக்கும் எண். அந்த எண் மெய்யெண்ணாக இருந்தால் வளைவரை அங்கே அச்சைத் தொடும் அல்லது வெட்டும். மூலமும் வெட்டும் இடமும் ஒன்றேதான் என்று பத்தாம் வகுப்பிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. குழப்பம் அங்கே தொடங்குகிறது.

1 ஒரு மூலம் என்பதால் (ய − 1) ஒரு காரணி. தொகுமுறை வகுத்தலில் 1, −7, 16, −10 என்று எழுதி இறக்கினால் 1, −6, 10 வரும், மீதி 0. மிஞ்சுவது ய² − 6ய + 10. இதை (ய − 3)² + 1 என்று எழுதலாம். இது பூச்சியமாக வேண்டுமானால் வர்க்கம் −1 ஆக வேண்டும். ஆகவே மற்ற இரண்டு மூலங்கள் 3 + √−1, 3 − √−1.

(ய − 3)² + 1 என்பதைத் தனியாக வரைந்து பாருங்கள். கிண்ணம் போன்ற பரவளையம். அதன் அடி 3க்கு நேர் மேலே, 1 உயரத்தில், அச்சைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அடி எந்த எண்ணுக்கு மேலே நிற்கிறதோ அதுதான் மூலத்தின் மெய்ப்பகுதி. எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதன் வர்க்கமூலம்தான் கற்பனைப் பகுதி. அச்சைத் தொடாத கிண்ணம்கூடத் தன் மூலங்களைச் சொல்லிக்கொண்டுதான் நிற்கிறது.

உங்கள் முப்படி வளைவரையும் அப்படித்தான். 1ஐத் தாண்டி ஏறுகிறது, ஒரு மேடு, சற்று இறக்கம், ஒரு பள்ளம், மறுபடி ஏற்றம். அந்தப் பள்ளத்தின் அடிக்கு நேர் கீழேதான் மற்ற இரண்டு மூலங்களும் இருக்கின்றன.

ஜூன் 10, காலை 5.15

நேற்றைய குறிப்பின் கடைசி வாக்கியம் பிழை. யாரும் அதை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

படுத்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. எழுந்து கணக்கிட்டேன். வளைவரையின் சாய்வைத் தரும் வகைக்கெழு 3ய² − 14ய + 16. அது பூச்சியமாகும் இடங்கள் 2, 8/3. மேடு 2இல் இருக்கிறது. பள்ளம் 8/3இல், அதாவது 2.67க்கு அருகில். மூலங்களின் மெய்ப்பகுதியோ 3. அலகில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிற்கிறது. பென்சில் நடுங்கியது என்று சொல்லித் தப்பிக்க முடியாத தூரம்.

இருபடிக் கோவையில் பள்ளமும் மெய்ப்பகுதியும் ஒரே இடம். அந்தப் பழக்கத்தில் முப்படிக்கும் அப்படியே சொல்லிவிட்டேன். எத்தனை பிள்ளைகளிடம் இதையே சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. பார்த்தால் நம்பத் தோன்றும் பிழை இது. பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது, அச்சை நோக்கி இறங்கி வருகிறது, எனவே அங்கேதான் ஏதோ இருக்கிறது என்று விரல் நீள்கிறது.

சரியான இடத்தை வளைவரையிலிருந்தே காட்ட முடியும். இரவு எழுதுகிறேன். ஆறு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

ஜூன் 10, இரவு 9.30

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று, குண்டூசி ஒன்று. இவை போதும்.

இரு அச்சுகளுக்கும் 1 அலகு = 2 செ.மீ. என்று வையுங்கள். 1 முதல் 4 வரை வரைந்தால் போதும். 1இல் உயரம் 0, 1.5இல் 1.625, 2இல் 2, 2.5இல் 1.875, 3இல் 2, 3.5இல் 3.125, 4இல் 6. புள்ளிகளை இணைத்துவிடுங்கள்.

இனி, அச்சில் 1 இருக்கும் இடத்தில் குண்டூசியைக் குத்துங்கள். ஸ்கேலின் விளிம்பு ஊசியில் சாய்ந்திருக்கும்படி, அச்சோடு அச்சாகப் படுக்க வையுங்கள். வலது முனையை மெதுவாக மேலே தூக்குங்கள். ஓரிடத்தில் விளிம்பு வளைவரையைக் கீழிருந்து தொடும். அங்கே நிறுத்துங்கள். தொட்ட இடம் பள்ளத்தின் அடி இல்லை. அதைத் தாண்டி, வளைவரை மறுபடி ஏறத் தொடங்கிய பிறகு, 3க்கு நேர் மேலே, 2 உயரத்தில் இருக்கும். ஸ்கேலின் சாய்வு: இரண்டு அலகு வலப்புறம் போனால் இரண்டு அலகு ஏறுகிறது, அதாவது 1.

தொடுமிடம் 3. சாய்வு 1, அதன் வர்க்கமூலமும் 1. மூலங்கள் 3 ± 1·√−1.

இது இந்த ஒரு கணக்குக்கு மட்டும் தற்செயலாக அமைந்தது அல்ல. கோவையை (ய − 1)[(ய − 3)² + 1] என்று எழுதி, அடைப்பை உடைத்தால் (ய − 1)(ய − 3)² + (ய − 1). இரண்டாவது துண்டு ஒரு நேர்கோடு: 1 வழியாகப் போகிறது, சாய்வு 1. உங்கள் ஸ்கேல் அதுதான். முதல் துண்டு, வளைவரைக்கும் ஸ்கேலுக்கும் உள்ள இடைவெளி. அந்த இடைவெளி 3இல் வர்க்கமாகப் பூச்சியமாகிறது. ஆகவே வெட்டாமல் தொட்டுவிட்டு விலகுகிறது. கற்பனைப் பகுதி 1க்குப் பதிலாக 2 என்றால் சாய்வு 4 ஆகியிருக்கும். எப்போதும் கற்பனைப் பகுதியின் வர்க்கம்தான் சாய்வு.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பின்னால் இருக்கும் ஒன்று. ஊசி குத்திய இடத்திலிருந்து வளைவரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஸ்கேலைத் திருப்பினால் என்ன சாய்வு வருகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். 2க்கு 2, 2.5க்கு 1.25, 3க்கு 1, 4க்கு 2. அந்தச் சாய்வுகளை வரைந்தால் கிடைப்பது முதல் குறிப்பில் சொன்ன அதே கிண்ணம். அது எங்கேயும் போய்விடவில்லை. 1 என்ற மூலத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

ஜூன் 12

ஒருவர் வேறு முப்படியை எடுத்துச் செய்து பார்த்து, கற்பனைப் பகுதி ஒத்துவரவில்லை என்று எழுதியிருக்கிறார். ய³இன் கெழு அவருடைய கணக்கில் 2. நான் சொல்லாமல் விட்டது: முதலில் கோவை முழுவதையும் முதன்மைக் கெழுவால் வகுத்துக்கொள்ள வேண்டும். வகுக்காவிட்டால் தொடுமிடம் சரியாக வரும், சாய்வு இரு மடங்காக வரும்.

செங்குத்து அச்சுக்கு வேறு அளவு எடுத்திருந்தாலும் தொடுமிடம் மாறாது. சாய்வை மட்டும் செ.மீ. கொண்டு அளக்காமல் அலகு கொண்டு கணக்கிட வேண்டும்.

ஜூன் 14

உங்கள் மகளின் தாளைப் பார்த்தேன். வளைவரை அருமையாக வந்திருக்கிறது. தொடுமிடம் 2.9 என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். சாய்வு 1 என்று சரியாக எழுதியிருக்கிறாள். கைப்பிழை என்று அவள் வருந்த வேண்டாம், கணக்கே அப்படிப்பட்டது.

2.9இல் வளைவரைக்கும் ஸ்கேலுக்கும் உள்ள இடைவெளி 1.9 × 0.1 × 0.1, அதாவது 0.019 அலகு. 2 செ.மீ. அளவில் அது 0.38 மி.மீ. கூர் மழுங்கிய பென்சில் போடும் கோடே அதைவிடத் தடிமன். 2.9இலிருந்து 3.1 வரை எங்கும் தொடுவது போலத்தான் தெரியும். வர்க்கமாகப் பூச்சியமாகும் இடங்களுக்கெல்லாம் இந்தக் குணம் உண்டு: "ஏறத்தாழ இங்கே" என்று தாராளமாகக் காட்டும், "சரியாக இங்கே" என்று காட்டாது.

ஆகவே சாய்வைத் தாளிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். தொடுமிடத்தைக் கெழுவிலிருந்து எடுக்கட்டும். மூன்று மூலங்களின் கூட்டுத்தொகை, ய² கெழுவின் குறியை மாற்றினால் வருவது: 7. அதில் 1ஐக் கழித்தால் 6. மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று இணைக் கலப்பெண்கள் (மெய்ப்பகுதி ஒன்றே, கற்பனைப் பகுதியின் குறி மட்டும் எதிர்), கூட்டினால் கற்பனைப் பகுதி அடிபட்டுப்போகும், எனவே பாதி 3. கெழுவிலிருந்து மூலங்களின் கூட்டுத்தொகையைச் சொல்லும் இந்த வியட்டாவின் சூத்திரத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடுகிறோம். இப்படிப் பென்சிலால் முடியாததை முடித்துக்கொடுக்கத்தான் அது இருக்கிறது.

ஜூன் 16

"கற்பனை" என்ற சொல்லைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பள்ளியில் படித்தபோது, இருபடிச் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் நிற்கும் தன்மைகாட்டி குறை எண்ணாக வந்தால் "மெய் மூலங்கள் இல்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டு முடித்துவிடுவோம். கல்லூரியில் கலப்பெண் வந்தபோது, இல்லாத விடைக்கு ஒரு பெயர் கொடுத்து இருக்கிறது என்கிறார்கள் என்றுதான் தோன்றியது. இருபடிச் சமன்பாட்டை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றுவது நியாயமே. ய² + 1 = 0 என்பதற்கு விடை இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 9ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் மகாவீரர் அப்படித்தான் சொன்னார்: குறை எண் எதற்கும் வர்க்கமாக வராது, எனவே அதற்கு வர்க்கமூலம் இல்லை. அவர் கையில் இருந்த கணக்குகளுக்கு அது போதுமான பதில்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது முப்படிச் சமன்பாடு. இத்தாலியில் போலோன்யாவின் டெல் ஃபெர்ரோ ஒருவகை முப்படிக்கு வழி கண்டு, வெளியிடாமல் 1526இல் இறந்தார். அவருடைய மாணவருக்கும் டார்ட்டாலியாவுக்கும் 1535இல் கணக்குப் போட்டி நடந்தது. டார்ட்டாலியா தானே வழியைக் கண்டுபிடித்து வென்றார். அவரிடமிருந்து இரகசியமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட கார்டானோ 1545இல் அதை அச்சிட்டார். பெரும் சண்டை. அதைப் பலரும் சுவையாகச் சொல்லுவார்கள். எனக்கு முக்கியம், சண்டை ஓய்ந்த பிறகு 1572இல் பொம்பெல்லி எழுதிய ஒரு கணக்கு.

ய³ = 15ய + 4. 4ஐப் போட்டுப் பாருங்கள்: 64 = 60 + 4. மூலம் 4 என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மற்ற இரண்டும் −2 + √3, −2 − √3. மூன்றுமே மெய்யெண்கள், வளைவரை அச்சை மூன்று இடத்தில் வெட்டுகிறது. எதுவுமே ஒளிந்திருக்கவில்லை. ஆனால் கார்டானோவின் சூத்திரத்தில் போட்டால் கிடைப்பது: 2 + √−121 என்பதன் கனமூலமும் 2 − √−121 என்பதன் கனமூலமும் சேர்ந்த கூட்டுத்தொகை. கண்ணெதிரே நிற்கும் 4ஐச் சொல்ல, சூத்திரம் √−121 வழியாகப் போகிறது. "விடை இல்லை" என்று இங்கே எழுத முடியாது. விடை 4.

பொம்பெல்லி துணிந்து ஒன்று செய்தார். 2 + √−1 என்பதைக் கனப்படுத்திப் பார்த்தார். உங்கள் மகளும் செய்யட்டும்: 8 + 12√−1 − 6 − √−1. அதாவது 2 + 11√−1. 11√−1 என்பதுதான் √−121. ஆகவே முதல் கனமூலம் 2 + √−1, இரண்டாவது 2 − √−1. கூட்டினால் 4.

இந்த ஆறு வரிகளை நான் முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முதுகலையில் தேறி, டியூஷன் தொடங்கிப் பல வருடம் கழித்து. அதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை, நானும் தேடவில்லை. அன்று இரவு சாப்பிடாமல் நோட்டில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தது நினைவிருக்கிறது. "கற்பனை" என்று பெயர் வைத்தவர் டேகார்ட், 1637இல். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரைக் கேட்டே பிள்ளைகள் "அப்படியென்றால் இது நிஜமில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கலப்பெண் என்பது எவ்வளவோ நேர்மையான சொல். இலங்கையில் சிக்கலெண் என்பார்கள். கலப்பெண்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு பகுதி கலந்த ஓர் எண் என்று உள்ளபடி சொல்கிறது.

ஜூன் 17

மூன்று மூலம், மூன்று மூலம் என்று பேத்தி புலம்புவதைக் கேட்டு, உங்கள் மாமியார் "யாருக்கு மூல நட்சத்திரம்?" என்று பதறினாராம். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அவரிடம் சொல்லுங்கள்: இந்த மூலம் செடியின் வேர். வடமொழியில் மூலம் என்றால் வேர்தான்.

ஜூன் 19

"ஐந்தாம்படிச் சமன்பாட்டுக்கு மூலமே கிடையாது என்று நிரூபித்துவிட்டார்களே, பிறகு எப்படிப் படிக்குத் தக்க மூலங்கள் உண்டு என்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி. அடிக்கடி கேட்கும் குழப்பம்.

இவை இரண்டு தனிச் செய்திகள். மூலம் இருக்கிறது என்பது ஒன்று. 1799இல் காஸ் தன் 22ஆம் வயதில் ஆய்வேட்டில் எழுதியது அது. அந்த நிரூபணத்தில் இருந்த ஓட்டை பின்னால் அடைக்கப்பட்டது. இன்று இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்கிறோம். கெழுக்களைக் கொண்டு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் ஆகியவற்றால் மட்டும் ஐந்தாம்படி அனைத்துக்கும் ஒரே பொதுச் சூத்திரம் எழுத முடியாது என்பது மற்றொன்று. அது 1824இல் ஆபெல் நிறுவியது.

ய⁵ − ய − 1 = 0. இதன் மூலங்களை அப்படி எழுத முடியாது. ஆனால் மூலம் இருக்கிறது. 1இல் தொடங்கி, தோராய விடையைப் படிப்படியாகத் திருத்தும் நியூட்டன் முறையில் கால்குலேட்டரைத் தட்டினால் 1.25, 1.1785, 1.1675, 1.1673 என்று நான்கே அடியில் வந்து நிற்கும். மற்ற நான்கும் கலப்பெண்கள், இரண்டு இணைகள். சூத்திரம் இல்லாததால் எண் இல்லாமல் போய்விடாது.

எல்லா ஐந்தாம்படிக்கும் இந்தத் தடை இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். ய⁵ = 2க்கு 2இன் ஐந்தாம் மூலம் என்று எழுதிவிடலாம்.

இராமானுஜன் 1902இல் முப்படிக்கு விடை காணும் முறையைக் கற்று, நாற்படிக்குத் தானே ஒரு வழி கண்டவர். அடுத்த ஆண்டு ஐந்தாம்படியில் இறங்கினார். அது முடியாது என்று ஆபெல் நிறுவி எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கும்பகோணத்தில் இருந்த 15 வயதுப் பையனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் வரும். ஒரு பிள்ளையின் கேள்விக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பதில் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்; தெரியாவிட்டால் கேள்வியை மூடிவிடாதவர்களாகவாவது இருக்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

பள்ளத்துக்குத் திரும்புகிறேன். மூலங்கள் அங்கே இல்லை என்று திருத்தினேன். அப்படியானால் பள்ளத்துக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லையா? இருக்கிறது. இன்று டிரேசிங் தாளில் வளைவரையை நகல் எடுத்து, வரைபடத் தாளின் மேல் வைத்துக் கீழே இறக்கிப் பார்த்தேன்.

வளைவரையைக் கீழே இறக்குவது என்றால் மாறிலியைக் குறைப்பது. −10 என்பதை −11 ஆக்கினால் தாள் ஓர் அலகு, அதாவது 2 செ.மீ., இறங்கும். அச்சை வெட்டும் இடம் 1இலிருந்து 1.245க்கு நகர்ந்துவிடும். ஊசியை அங்கே குத்தி, ஸ்கேலைத் தூக்கி, முன்போலக் கணக்கிட்டால் மற்ற இரண்டும் 2.88 ± 0.74√−1. அதாவது அவை பள்ளத்தை நோக்கி நகர்கின்றன. ஒன்றையொன்று நெருங்கவும் செய்கின்றன. இன்னும் இறக்கி மாறிலி −320/27, ஏறத்தாழ −11.85 ஆகும்போது பள்ளத்தின் அடி அச்சைத் தொடும். அந்தக் கணம் இரண்டும் 8/3இல் ஒன்றாகச் சேர்ந்து இரட்டை மூலமாகின்றன. அதற்குமேல் இறக்கினால் பிரிந்து, அச்சிலேயே ஆளுக்கொரு பக்கம் போகும். −12இல் மூலங்கள் 2, 2, 3: மேட்டின் உச்சி அச்சைத் தொடுகிறது, இப்போது முதல் மூலம்தான் ஒன்றோடு சேர்ந்து நிற்கிறது.

ஆக, பள்ளம் அவை இருக்கும் இடம் இல்லை, அவை வந்து சேரப்போகும் இடம். முதல் நாள் நான் சொன்னது இந்த ஒரு கணத்துக்கு மட்டும் உண்மை.

கடைசி நேரத்து வேகத்தைக் கவனியுங்கள். மாறிலி −11.84 என்று வைத்தால் பள்ளம் அச்சுக்கு மேலே 0.012 அலகுதான் இருக்கும். நம் தாளில் கால் மி.மீ. கண்ணுக்குத் தொட்டுவிட்டது போலவே தெரியும். ஆனால் மூலங்களின் கற்பனைப் பகுதி இன்னும் 0.11; தாளில் 2 மி.மீ.க்கு மேல். கெழு மயிரிழை நகர்ந்தால் மூலம் விரற்கடை நகர்கிறது.

இதன் முழு வீச்சைக் கண்டவர் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வில்கின்சன். கணிப்பொறியின் தொடக்க காலம். 1, 2, 3 என்று 20 வரை எண்களையே மூலங்களாகக் கொண்ட இருபதாம்படிக் கோவையை எடுத்துக்கொண்டார். மூலங்கள் ஒன்றுக்கொன்று ஓர் அலகு தள்ளி, வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் போல ஒழுங்காக நிற்கின்றன. இரட்டை மூலம் எதுவும் இல்லை. ய¹⁹இன் கெழு −210. அதிலிருந்து 0.00000012 அளவு மட்டும் குறைத்தால் என்ன ஆகும்? 1 முதல் 5 வரை அசையவில்லை. 20 என்பது 20.85 ஆகிறது. 10 முதல் 19 வரையிலான பத்து மூலங்கள் அச்சைவிட்டே போய், ஐந்து இணைக் கலப்பெண்களாகின்றன. 16, 17 இரண்டும் 16.73 ± 2.81√−1 ஆகிவிடுகின்றன. தன் பணிவாழ்வில் தன்னை மிகவும் நிலைகுலைய வைத்த அனுபவம் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.

மாணவர்களிடம் விடையைத் திரும்பக் கோவையில் போட்டுச் சரிபார் என்கிறோம். கெழு அளந்து எடுத்த எண்ணாக இருந்தால் அது போதாது. கெழுவின் கடைசி இலக்கத்தை மாற்றிப் பார்த்து, மூலம் எவ்வளவு ஆடுகிறது என்றும் பார்க்க வேண்டும். இதை நான் வகுப்பில் சொல்லத் தொடங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 30

மேடும் பள்ளமும் மூலங்களுக்கு எங்கே நிற்கின்றன என்பதற்கு முழுப் பதில் ஒன்று உண்டு. ஒரு வாரமாக எழுத நினைத்து, முதலில் என் கையால் செய்து பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

கலப்பெண்களைத் தளத்தில் குறியுங்கள்: மெய்ப்பகுதி கிடையாக, கற்பனைப் பகுதி நெடுக்காக. நம் மூன்று மூலங்களும் ஒரு முக்கோணம் ஆகும். இந்த முறை 1 அலகு = 6 செ.மீ. என்று வைத்தேன். 1 என்ற மூலம் இடது முனை. அதிலிருந்து 12 செ.மீ. வலப்புறம் போய், அங்கே 6 செ.மீ. மேலே ஒரு முனை, 6 செ.மீ. கீழே ஒரு முனை. அந்த முக்கோணத்துக்குள், மூன்று பக்கங்களையும் அவற்றின் நடுப்புள்ளியில் தொடும் நீள்வட்டம் ஒன்றே ஒன்று உண்டு. அதன் இரு குவியங்களும் (நூலால் நீள்வட்டம் வரையும்போது ஊசி குத்தும் இரண்டு இடங்கள்) எங்கே இருக்கும் தெரியுமா? மேடு இருக்கும் 2, பள்ளம் இருக்கும் 8/3. மேடும் பள்ளமும் உள்ள எந்த முப்படிக்கும், மூன்று மூலங்கள் முக்கோணமாக அமைந்தால், இது மாறாது. 1864இல் ஸீபெக் நிறுவியது. இன்று மார்டன் தேற்றம் என்ற பெயரில் தெரிகிறது.

நம்பாமல் செய்து பார்க்க வேண்டும். தாளை அட்டையின் மேல் ஒட்டி, இடது முனையிலிருந்து நடுக்கோட்டில் 6 செ.மீ. தூரத்தில் ஒரு குண்டூசி, 10 செ.மீ. தூரத்தில் இன்னொன்று. 12 செ.மீ. சுற்றளவுள்ள தையல் நூல் வளையத்தை இரண்டு ஊசியையும் சுற்றிப் போட்டு, பென்சில் முனையால் இழுத்துப் பிடித்துச் சுற்றினேன். வலப்பக்கக் கோட்டை அதன் சரிபாதியில் முத்தமிட்டது. மேல் சாய்கோட்டைத் தொட்டது, கீழ்ச் சாய்கோட்டையும் தொட்டது, இரண்டும் நடுவில். எதையும் வெட்டவில்லை.

மூலங்களை அறியாமல் மேடு பள்ளத்தை மட்டும் காண்பவர் முக்கோணத்தைப் பார்க்காமல் குவியங்களை மட்டும் பார்க்கிறார். 9ஆம் தேதி இரவு நான் சுட்டிக்காட்டியது ஒரு குவியம்.

ஜூலை 2

உங்கள் மகளின் நீள்வட்டம் பக்கங்களைத் தாண்டி வெளியே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நூலை 12 செ.மீ.க்கு மேல் விட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். 12 செ.மீ. என்பது முடிச்சுப் போட்ட பிறகு வளையத்தின் முழுச் சுற்றளவு. வளையத்தைக் கழற்றி இரண்டாக மடித்து ஸ்கேலில் வைத்தால் 6 செ.மீ. வர வேண்டும். நைலான் நூல் இழுத்தால் நீளும். பருத்தி நூலாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.